எண் மட்டும் போதுமா?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம்மவர் பழமொழி. நல்ல மொழிதான். ஆனால், எதைக் கொண்டு அளப்பது, அந்தக் கோலை அளந்து பார்த்தவர் யார் என்னும் கேள்விகளைப் பழமொழி கேட்கவில்லை. அறிவியல் மாணவர்களாகிய நாம் கேட்டே தீரவேண்டும்.

இன்று நம் ஆய்வுக்கூடங்களிலும், நம்முள் பலருடைய உற்றாரும் உடன்பிறந்தாரும் உழைக்கும் பட்டறைகளிலும் டிஜிட்டல் காலிப்பர் என்னும் சிறு கருவி வந்து அமர்ந்துவிட்டது. பட்டறைத் தோழர்கள் அதற்கு இட்ட பெயர் 'டிஜிட்டல் வெர்னியர்'. வெர்னியர் கோடுகளே அதில் இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. தாடைகளை மூடினால் 0.00 என்கிறது. பொருளைப் பிடித்தால் 25.01 என்கிறது. கண்ணைச் சுருக்கிக் கோடுகளை ஒப்பிட வேண்டா. கணக்குப் போட வேண்டா. எண் தானே வந்து நிற்கிறது. அந்த எண்ணை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. ஏன் கூடாது, நம்பத்தக்க எண்ணைப் பெறுவது எவ்வாறு என்று சொல்லவே இதனை எழுதுகிறேன்.

படிப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நான் குடியிருப்பது சந்தாபுராவில். பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் சாலை பிரியும் ஊர் அது. சுற்றிலும் பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி எனத் தொழிற்பேட்டைகள். எல்லையைத் தாண்டினால் ஓசூர். 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூடித் தொடங்கிய டைட்டன் நிறுவனம் கடிகாரம் செய்வது அந்த ஓசூரில்தான். நுண்ணிய அளவே இந்தச் சாலையின் பிழைப்பு என்றால் மிகையாகாது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வண்டி வந்துவிட்டது. காலையில் நான் வகுப்புக்குப் புறப்படும் வேளையில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் எதிரே வருகிறார்கள். அவர்களிடையே தமிழ்ப் பேச்சு காதில் விழாத நாளில்லை.

அவர்களுள் ஒருவர் என் அறைத்தோழர். தருமபுரிப் பக்கத்தவர். வயதில் மூத்தவர்; ஆகவே எனக்கு அண்ணன். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு சிறு பட்டறையில், லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளை அளந்து தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கிறார். பட்டறையின் பெயர் இங்கு வேண்டா. சென்ற ஆண்டு அங்கிருந்து 400 புஷ்கள் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போயின. வெளிவிட்டம் 25 மி.மீ. இருக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் 0.02 மி.மீ. வரைதான் பொறுப்பார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் டிஜிட்டல் வெர்னியரால் அளந்தார். 25.00, 25.01 என்றே வந்தது. வாங்கியவர்கள் மைக்ரோமீட்டரால் அளந்தார்கள். 25.03, 25.04 என்று வந்தது. சரக்கு முழுவதும் திரும்பியது. "அளந்தவன் நீதானே?" என்று கேட்டார் முதலாளி. அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது.

"கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினேன், தம்பி" என்றார் அண்ணன். அவர் சொன்னது உண்மை. ஒரு நாள் அந்தக் கருவியை அறைக்குக் கொண்டு வந்தார். தாடைகளைத் துடைத்து மூடினோம். திரை 0.00 என்றது. மூடிய தாடைகளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். நுனியிலும் அடியிலும் தாடைகள் ஒட்டியிருந்தன. நடுவிலே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது! ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் உருப்படிகளைப் பிடித்துப் பிடித்து நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. அந்தக் குழியில் புஷ் அமரும்போது தாடைகள் இருக்க வேண்டியதைவிட நெருங்கி நிற்கும். எண் குறைந்து வரும். மறுநாள் பக்கத்துப் பட்டறையில் 25 மி.மீ. பிளக் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி, அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். திரை காட்டியது 24.97. குற்றம் எங்கே என்று தெரிந்துவிட்டது. பிடித்த பணம் மட்டும் திரும்பவில்லை.

நண்பர்களே, இதில் நாம் கற்க வேண்டியது என்ன? சுழி சரியாக இருப்பதால் 25-உம் சரியாக இருக்கும் என்று கொள்ளலாகாது என்பது ஒன்று. அதைவிடப் பெரிதும் ஒன்று உண்டு. ஒரு கருவி எத்தனை நுண்ணிய எண்ணைக் காட்டும் என்பது வேறு. அந்த எண் எவ்வளவு மெய்யானது என்பது வேறு. முன்னதை நாம் பள்ளியில் மீச்சிற்றளவு என்று படித்தோம். பின்னதைத் துல்லியம் எனலாம். டிஜிட்டல் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஆனால் பெயர் பெற்ற நிறுவனத்தார் செய்யும் 150 மி.மீ. கருவிக்கே அவர்கள் தரும் உறுதி, கூடவோ குறையவோ 0.02 மி.மீ. என்பதுதான். மலிவுக் கருவிகளில் அந்த உறுதியும் தளரும். பலவற்றில் உறுதியே இராது. ஆகவே திரையில் 25.01 என்று கண்டால், பொருள் 24.99-க்கும் 25.03-க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்றுதான் படிக்க வேண்டும். 0.02 மி.மீ. பொறுப்புள்ள உருப்படியை 0.02 மி.மீ. ஐயமுள்ள கருவியால் தேர்ந்தெடுக்கச் சொன்னதே தவறு. அந்த வேலை மைக்ரோமீட்டருக்கு உரியது. தண்டனையோ கருவியைப் பிடித்த கைக்குக் கிடைத்தது.

தாடையால் அளக்கும் வழக்கம் பழமையானது. சீனத்தில் கி.பி. 9-ஆம் ஆண்டு பொறித்த வெண்கலத் தாடைக்கோல் கிடைத்துள்ளது. கோட்டோடு கோடு பொருத்தி நுண்ணளவு காணும் முறையைப் பிரெஞ்சுக்காரரான பியர் வெர்னியர் 1631-இல் வெளியிட்டார். அந்தக் கருவியில் கோடுகள் கண்ணுக்கு எதிரே இருந்தன. எது சரியாகப் பொருந்துகிறது என்று தேடும்போதே நமக்குள் ஓர் ஐயம் எழும். அந்த ஐயம் நல்லது. டிஜிட்டல் கருவியில் நடப்பது மறைவாக நடக்கிறது. உடலின் மேல் ஒட்டிய தாளுக்கு அடியில் செம்புத் தகடுகள் வரிசையாக உள்ளன. நகரும் பகுதியிலும் தகடுகள் உள்ளன. இரண்டும் எதிரெதிரே வந்து விலகும்போது இடையே மின்தேக்குத் திறன் ஏறி இறங்குகிறது. உள்ளிருக்கும் சில்லு அதைக் கணக்கிட்டு எண்ணாக்குகிறது. நீரோ, லேத்தில் ஊற்றும் கூலண்டோ இடையில் புகுந்தால் அந்தத் திறன் மாறும்; எண் தாறுமாறாகும். தடுமாறும் வேளையிலும் திரையில் தெளிவான இரண்டு தசம இடங்கள்தாம் நிற்கும்!

எண்ணின் பகட்டுக்கு மயங்கியவர்கள் சிறு பட்டறைக்காரர் மட்டுமல்லர். 1990 ஏப்பிரலில் விண்ணுக்கு ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் கதையைப் பாருங்கள். அதன் பெருங்கண்ணாடியைத் தேய்க்கும்போது வடிவத்தைச் சோதிக்க ஓர் உயர்ந்த ஒளியியல் கருவியை அமைத்தார்கள். அந்தக் கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறி நின்றது. கண்ணாடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. எளிய கருவிகள் இரண்டு, பிழை இருப்பதைக் காட்டவே செய்தன. 'அவை துல்லியம் குறைந்தவை. நம் உயர்ந்த கருவியே சரி' என்று அவற்றை ஒதுக்கினார்கள். விண்ணிலிருந்து வந்த படங்கள் மங்கலாயின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும்வரை அந்தக் குறை நீங்கவில்லை. அளவுகோலை அளந்து பாராததற்கு அமெரிக்கா கொடுத்த விலை அது. நம் அண்ணன் கொடுத்த விலை சிறியது. அவர் நிலைக்கு அது பெரியது.

அப்படியானால் டிஜிட்டல் காலிப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு வெர்னியருக்கே திரும்புவோமா? அப்படிச் சொல்பவரும் உண்டு. நான் அதற்கு உடன்படேன். கண்பார்வை மங்கிய மூத்த தொழிலாளிக்கு அது பெரிய உதவி. கோட்டைத் தவறாகப் படிக்கும் பிழை அதில் இல்லை. எந்த இடத்தையும் சுழியாக்கிக்கொள்ளும் வசதி வெர்னியருக்கு ஏது? ஒரே அளவான இரு துளைகளின் மையத் தொலைவு வேண்டுமானால், ஒரு துளையின் உள்விட்டத்தை அளந்து அங்கே சுழியாக்குங்கள். பிறகு இரு துளைகளின் வெளியோரங்களுக்கு இடையே உள்தாடைகளை விரித்துப் பாருங்கள். திரையில் நிற்பது மையத் தொலைவேதான். இத்தகைய நன்மைகளை வேண்டாமென்பது அறிவுடைமை ஆகாது. தேர்ந்து வாங்கவும், அறிந்து பயன்படுத்தவும் வேண்டும், அவ்வளவே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. முதலாவது, பெட்டியின் மேல் எழுதிய 0.01-ஐப் பார்த்து மயங்காமல், துல்லியம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதாத கருவியை ஆய்வுக்கு வாங்காதீர்கள். கார்பன் இழை என்று விற்கும் பிளாஸ்டிக் கருவிகள் பல 0.1 மி.மீ. வரைதான் காட்டும், மரவேலைக்கு அவை போதும். இரண்டாவது, கடையிலேயே தாடைகளை மூடி ஒளிக்கு எதிரே பிடியுங்கள். கீற்றுத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். மூன்றாவது, நகரும் பகுதியைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கலாகாது. பத்து முறை மூடித் திறந்தால் பத்து முறையும் சுழிக்கே வர வேண்டும். நான்காவது, கூலண்டு தெறிக்கும் இடத்துக்கு என்றால் ஐ.பி. 67 என்னும் காப்புத் தரமுள்ளதை வாங்குங்கள். ஐந்தாவது, மின்கலம். எஸ்.ஆர். 44, எல்.ஆர். 44 இரண்டும் ஒரே உருவம். ஆனால் முன்னது வெள்ளி ஆக்சைடு, தீரும்வரை மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். பின்னது மெல்ல மெல்லச் சரியும். மலிவுக் கருவிகள் பல, அணைத்து வைத்த பின்னும் மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும். எண் மினுக்கத் தொடங்கினால் மின்கலத்தை மாற்றாமல் அளக்காதீர்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய மிட்டுடோயோ கருவிக்குப் பட்டறைகளில் பெரும் மதிப்பு. அதனாலேயே அப்பெயரில் போலிகளும் உலவுகின்றன. கால் விலைக்குக் கிடைக்கிறது என்றால் மகிழாமல் ஐயுறுங்கள். அந்நிறுவனம் ஏற்ற விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குங்கள். பத்து மலிவுக் கருவிகளைவிட, நம்பத்தக்க கருவி ஒன்றும் அதைச் சோதிக்கும் ஸ்லிப் கேஜ் சிலவும் மேல் என்பது என் துணிபு. ஸ்லிப் கேஜ் என்பது அளவு உறுதி செய்யப்பட்ட எஃகுக் கட்டை. ஸ்வீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் 1896-இல் கண்ட எண்ணம் அது. சில கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணற்ற அளவுகளை உண்டாக்கலாம் என்று அவர் காட்டினார். இன்றும் உலகப் பட்டறைகளின் மனச்சான்று அக்கட்டைகளே.

இனி, பயன்படுத்தும் முறை. அளக்கும் முன் தாடைகளுக்கு இடையே சுத்தமான தாளைப் பிடித்து மெல்ல இழுங்கள், தூசி போய்விடும். பிறகு மூடிச் சுழி பாருங்கள். பொருளைத் தாடையின் நுனியில் பிடிக்காமல் உடலை ஒட்டிப் பிடியுங்கள். காலிப்பரில் அளவுகோல் ஒரு கோட்டிலும் பொருள் வேறொரு கோட்டிலும் இருக்கின்றன. இப்படி விலகினால் பிழை வரும் என்று 1890-இல் எர்ன்ஸ்ட் அபே என்னும் செர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். 40 மி.மீ. தாடையின் நுனியில் பொருளைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால், நகரும் தாடை ஒரு பாகையில் நூற்றில் மூன்று பங்கு சாய்ந்தாலே 0.02 மி.மீ. போய்விடும். மைக்ரோமீட்டரில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ராட்செட் உண்டு. இங்கே நம் விரலே ராட்செட். ஒரே மென்மையோடு மூடப் பழக வேண்டும். சிறு துளைகளிலும் எச்சரிக்கை தேவை. உள்தாடைகளின் முனை தட்டையானது, அது 0.5 மி.மீ. அகலமிருந்தால் 5 மி.மீ. துளையை 0.025 மி.மீ. குறைத்துக் காட்டும். மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் மாற்றும் பொத்தானையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தை மறக்கலாகாது. நீள அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியசில் சொல்லப்படுபவை; 1931-இல் உலகம் ஒப்புக்கொண்ட வழக்கம் அது. அலுமினியம் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பாகையில் 0.0023 மி.மீ. விரியும். எஃகு அதில் பாதி. கடைந்த சூட்டோடு 45 பாகையில் இருக்கும் 100 மி.மீ. அலுமினியத் துண்டை, 25 பாகையில் உள்ள எஃகுக் காலிப்பரால் அளந்தால், ஏறத்தாழ 0.05 மி.மீ. கூடுதலாக வரும். கருவி பொய் சொல்லவில்லை. நாம்தான் பொறுமையாக ஆறவிடவில்லை. துண்டையும் கருவியையும் ஒரே மேசையில் சிறிது நேரம் வைத்து அளப்பதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை.

பட்டறையில் ஒரே அளவான உருப்படிகளை அளப்பவருக்கு இன்னும் ஓர் எளிய வழி உண்டு. 25 மி.மீ. கேஜைத் தாடையில் பிடித்து, அங்கே சுழியாக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வோர் உருப்படியையும் தாடையின் அதே இடத்தில் பிடித்தால் திரையில் வருவது வேறுபாடு மட்டுமே. தாடைத் தேய்வும் அளவுகோலின் பிழையும் பெரும்பாலும் கழிந்துவிடும். அண்ணனுக்கு யாரேனும் இந்த ஒரு வரியை முன்பே சொல்லியிருந்தால் 400 புஷ்கள் திரும்பியிரா.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். முறுக்கு ஊசல் சோதனையை இயற்பியல் மாணவர் யாவரும் செய்திருப்போம். கம்பியின் விறைப்புக் குணகம் ஆரத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. 0.50 மி.மீ. விட்டமுள்ள கம்பியை டிஜிட்டல் காலிப்பரால் அளந்தால், 0.02 மி.மீ. ஐயம் என்பது நூற்றுக்கு 4. நான்காம் அடுக்கில் அது நூற்றுக்கு 16 ஆகும். அவ்வாறிருக்க, விடையை நான்கு தசம இடங்களுக்கு எழுதி அடிக்கோடும் இட்டு வைப்பதை எத்தனை பதிவேடுகளில் காண்கிறோம்! திருகு அளவியை எடுக்கச் சோம்பி, கணிப்பொறி தந்த இலக்கங்களை எல்லாம் எழுதுவது அறிவியலாகாது. பட்டறையில் தவறான எண்ணுக்குச் சம்பளம் பிடிக்கிறார்கள். நமக்கோ அதற்கும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. யார் அதிகப் பொறுப்போடு அளக்க வேண்டியவர்கள்? படித்த நாமல்லவா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, முதலாண்டு மாணவர் கையில் முதலில் வெர்னியரைக் கொடுக்கப் பேராசிரியர்களைக் கேட்போம்; ஐயுறப் பழகிய பின் டிஜிட்டல் கருவியைத் தொடட்டும். இரண்டு, ஆய்வேட்டில் எந்த நீளத்தை எழுதினாலும் எந்தக் கருவி, எவ்வளவு ஐயம், எந்த வெப்பநிலை என்னும் மூன்றையும் சேர்த்து எழுதுவோம். மூன்றாவதே என் மனத்துக்கு நெருங்கியது. சங்கநிதியில் 10, 25, 50 மி.மீ. ஸ்லிப் கேஜ் மூன்றும், 25 மி.மீ. பிளக் கேஜ் ஒன்றும் வாங்குவோம். பருவத்துக்கு ஒரு ஞாயிறு சந்தாபுராவிலோ பொம்மசந்திராவிலோ ஓர் அறை பார்த்து, பட்டறைகளில் வேலை செய்யும் நம் தோழர்களைத் தத்தம் காலிப்பரோடு வரச் சொல்வோம். தமிழரே வர வேண்டும் என்பதில்லை. கன்னடத் தோழர்களும் வரட்டும். சுழி, ஒளிக்கீற்று, மூன்று கட்டைகளின் எண், தாடையின் நடுவே வைத்த பிளக் கேஜின் எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தேதியிட்டுக் கொடுப்போம்.

அந்தச் சீட்டு சட்டப்படியான சான்றிதழ் ஆகாது. அதற்குப் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்து அளவோடு தொடர்புபடுத்திய, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் உண்டு. நம் நகரிலேயே, 1962-இல் தோன்றிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் தும்கூர் சாலையில் அளவியல் பணி ஆற்றி வருகிறது. முதலாளிமார் அங்கே கருவிகளை அனுப்ப வேண்டியவர்கள், அனுப்பட்டும். நம் சீட்டின் பயன் வேறு. "அளந்தவன் நீதானே?" என்ற கேள்வி மீண்டும் எழும்போது, "ஆம் ஐயா, நான்தான் அளந்தேன். இந்தக் கருவி 25-இல் 0.03 குறைத்துக் காட்டுகிறது என்று சென்ற மாதமே சோதித்துச் சொன்னேன்" என்று ஒரு தொழிலாளி தலை நிமிர்ந்து சொல்ல அது துணை செய்யும்.

செலவு நம்மால் தாங்கக்கூடியதே. வேண்டியது நான்கு மாணவர்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதி மூவர் யார்?